பெரிய பீரோவுக்குள் பதின்மூன்று நாள்

வெள்ளைப் பலகையில் பச்சை மையால் 13 என்று எழுதியிருந்தது. எங்கள் மேனேஜர் குல்கர்னி சாப் தினமும் காலையில் வந்ததும், தோள் பையைக்கூட இறக்காமல், முந்தின நாள் எண்ணைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு அடுத்த எண்ணை எழுதுவார். அந்தக் கைக்குட்டை பச்சையாகவே போய்விட்டது. வீட்டில் என்ன திட்டு வாங்கினாரோ தெரியாது.

வெள்ளிக்கிழமை. கொரோனாவுக்கு முந்தைய ஒரு மே மாதம். வெளியே செம்பூர் ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டு, காலில் சாக்ஸும் மாட்டி உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்ப்பவர்களுக்கு வருஷத்தில் இரண்டே பருவம்: கதவுக்கு அந்தப் பக்கம் வேர்வை, இந்தப் பக்கம் நடுக்கம். இரண்டுக்கும் நடுவே முப்பது வருஷம் போய் வந்ததில் என் மூட்டு இரண்டும் என்னைவிட மூத்தவையாகிவிட்டன.

காதர் பையிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்து மடிப்பு நீவிக்கொண்டே வந்தான்.

"அக்கா, ஜும்மாவுக்குப் போயிட்டு வாரேன். மூணாம் நம்பரை மட்டும் ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க."

"போயிட்டு வா. பதிமூணு நாளா அதை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னிக்கும் நாளைக்கும்தான். அப்புறம் நீங்க அது பக்கம் திரும்பிக்கூட பாக்க வேண்டாம்."

சிரித்துக்கொண்டே போனான். கழுத்தில் ஆரஞ்சு நாடா ஆடியது. அந்த நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மூணாம் நம்பர்.

பீரோவுக்குள் குடித்தனம்

போன வாரம் டேப் ரூமைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், "மெயின்ஃபிரேம் என்கிறீர்களே, ஒரு படம் போடக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். படம் போட்டால் ஏமாந்துபோவீர்கள். கறுப்பாக, ஆளுயரத்துக்கு, இரண்டு பீரோவை ஒட்டி நிறுத்தின மாதிரி இருக்கும். அவ்வளவுதான். தரை துடைக்க வரும் அம்மா அதை 'படா ஃபிரிஜ்' என்பார். திறந்து பார்த்தால் தண்ணீர் பாட்டில் இருக்கும் என்று அவர் வெகுகாலம் நம்பியிருந்தார்.

எங்களுடையது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறேன். எந்த ஊரில் யார் பாலிசி எடுத்தாலும் அந்த விவரம் இந்தப் பீரோவுக்குள்தான் வந்து உட்காரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டை கட்டின ஒருவர் வந்து, திரையில் அம்புக்குறிகளைக் காட்டி, இன்னும் இரண்டே வருஷத்தில் இந்தப் பழைய மிஷினைத் தூக்கிவிடுவோம் என்பார். அப்புறம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். பீரோ இருக்கும். நானும் இருப்பேன். வந்தவர்கள் ஞாபகமாகக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மட்டும் என் வீட்டில் ஏழு இருக்கிறது.

இரண்டாம் மாடியில் வேறு ஒரு கூட்டம் இருந்தது. சின்னச் சின்ன சர்வர்கள், அடுக்கடுக்காக. எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுபவை. கிளை அலுவலகங்களில் பாலிசி எண்ணைத் தட்டினால் திரையில் விவரம் வருகிறதே, அந்த வேலை அவற்றுடையது. மழைக்காலத்தில் மேல்தளம் ஒழுகும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஷீட் பிடித்துக்கொண்டு ஓடுவோம். ஒரு ஜூலையில் குல்கர்னி சாப் குடையோடு சர்வர் பக்கத்தில் நின்றதை நானே பார்த்தேன். அப்போது சொன்னார்: "என் கல்யாணத்தில்கூட நான் இவ்வளவு நேரம் நிற்கவில்லை." வீட்டுக்கு வந்து அதை என் நோட்டில் எழுதி வைத்தேன். ஆட்கள் வாய்தவறிச் சொல்லும் நல்ல வார்த்தைகளை எழுதி வைக்கிற வியாதி எனக்கு உண்டு.

அந்தக் குடைக்கு அடியில்தான் அவருக்கு யோசனை வந்திருக்க வேண்டும். சின்ன சர்வர்கள் அத்தனையையும் மூட்டை கட்டிவிட்டு, லினக்ஸைக் கொண்டுபோய்ப் பெரிய பீரோவுக்குள்ளேயே குடியேற்றிவிட்டால் என்ன?

ஒரு மிஷினுக்குள் நாற்பது மிஷின் எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நாங்கள் குடியிருக்கும் தாராவி லேபர் கேம்ப் கட்டடத்தைக் காட்டினேன். ஒரே கட்டடம், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே ஏணிப்படி. உள்ளே பதினாறு குடித்தனம். கதவைச் சாத்தினால் ஒவ்வொருவருக்கும் தன் வீடு தனி வீடு. ஒரு வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டில் டிவி பாட்டுக்கு ஓடும். பீரோவுக்குள்ளும் அப்படித்தான். இடத்தைப் பங்கு வைத்துக் கொடுக்க உள்ளேயே ஒரு மேஸ்திரி மென்பொருள் உண்டு. அது கொடுக்கிற அறையில் ஒவ்வொரு லினக்ஸும், இந்த முழு மிஷினும் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு ஓடும்.

அப்படி முதலில் குடியேற்றிய சிலவற்றில், கிளை அலுவலகங்களின் வேலையைத் தூக்கிச் சுமந்ததுதான் மூணாம் நம்பர்.

தலைமை அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டது. பதினான்கு நாள் அது விழாமல் ஓட வேண்டும். நடுவில் ஒரு தடவை தானாக விழுந்தாலும் திட்டம் குப்பைக்கு. அதனால்தான் அந்தப் பலகை, அந்தப் பச்சை மை.

ஆரஞ்சும் நீலமும்

எங்கள் அலுவலகத்தில் அடையாள அட்டை தொங்கும் நாடாவில் இரண்டு நிறம். பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். ஏஜென்சி மூலம் வந்த கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆரஞ்சு. ஆரஞ்சுக்காரர்கள் தினமும் கேட்டில் நின்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆறு வருஷமாக வருகிறவனாக இருந்தாலும் அப்படித்தான்.

காதர் ஆறு வருஷமாக வந்துகொண்டிருந்தான். சீத்தா கேம்ப் பையன். கடையநல்லூர்ப் பக்கத்துக் குடும்பம், வாப்பாவுக்கு மான்குர்தில் தையல் கடை. கல்லூரியைப் பாதியில் விட்டவன், பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டு லினக்ஸைத் தானாகக் கற்றுக்கொண்டான். நானும் அந்த ஜாதிதான். பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதற்காகக் கட்டி வைத்திருந்த மிஷின் மேனுவல்களை அனுமதி கேட்டு வீட்டுக்குத் தூக்கி வந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தவள். அதனாலோ என்னவோ, பார்த்த முதல் வாரமே என் டிபன் பாக்ஸில் அவனுக்கும் ஒரு பங்கு ஏற்பட்டுவிட்டது.

"பதினாலு நாள் தாண்டட்டும். உனக்கு நீல நாடா. நான் பொறுப்பு," என்று குல்கர்னி சாப் அவனிடம் சொல்லியிருந்தார். தாண்டாவிட்டால் அவனுக்கு வேலையே இல்லை. இந்தத் திட்டத்துக்கென்றே அவனுடைய கான்ட்ராக்டை நீட்டி வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் முடிந்துவிடும். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஆக, அந்தப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தது காதரின் நாள் கணக்கு.

என் அம்மாவும் முதல் நாள் பஸ்ஸும்

இந்த இடத்தில் என் அம்மாவை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள். புதுச் செருப்பு, கையில் வேலை உத்தரவுக் கவர். சயானுக்கு நடந்து போய் செம்பூர் பஸ் பிடிக்க வேண்டும். அவசரத்தில் வாசலில் நின்று, "ஏம்மா, நான் போறேன்," என்று கத்திவிட்டேன். அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து என் பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"என்னட்டி சொன்ன? போறியா? எங்கட்டி போற? உள்ள வா. உக்காரு. தண்ணி குடி."

உட்கார்ந்தேன். குடித்தேன்.

"இப்பச் சொல்லு."

"போயிட்டு வாரேன்ம்மா."

"ம். ஆண்டவர் கூட இருப்பார். போயிட்டு வா."

பஸ் போய்விட்டது. முதல் நாளே இருபது நிமிஷம் லேட். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே சட்டம்தான். இந்துவோ, கிறிஸ்தவரோ, முஸ்லிமோ, 'போறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு யாரும் படியிறங்க முடியாது. திரும்பி வருகிற எண்ணத்தையும் சேர்த்து வாசலில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்றிலிருந்து என் வாய் ஒரு நாளும் தவறினதில்லை. விரல்தான் தவறியது.

பன்னிரண்டே முக்கால்

காதர் தொழுகைக்குப் போன பிறகு மூணாம் நம்பரின் கன்சோலைத் திறந்தேன். கன்சோல் என்றால் அந்த லினக்ஸின் சொந்தத் திரை. கறுப்பில் பச்சை எழுத்து. ஏதோ இரண்டு செய்திகள் வந்திருந்தன, பயப்பட ஒன்றுமில்லை. படித்தேன். பசித்தது. அன்றைக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

எங்கள் அறைச் சுவரில் ஒரு சர்க்குலர் ஒட்டியிருக்கும். இருக்கையை விட்டு எழுந்தால் திரையைத் திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது, லாக்-ஆஃப் செய்துவிட்டே எழ வேண்டும். இருபது வருஷமாக அதைப் பிசகாமல் செய்தவள் நான். செய்யாதவர்களைப் பிடித்துத் திட்டியதும் நான். பீரோவின் மற்ற திரைகளில் லாக்-ஆஃப் என்றால் நாம் வெளியேறுகிறோம், அவ்வளவுதான். மிஷின் தன் பாட்டுக்கு ஓடும்.

எழுந்துகொண்டே, டிபன் பையை ஒரு கையால் எடுத்துக்கொண்டே, மறு கையால் லாக்-ஆஃப் என்று தட்டினேன். என்டர்.

கேன்டீனில் பாதிச் சோற்றில் இருக்கும்போது போன் வந்தது. அப்புறம் எல்லாருடைய போனும் அடித்தது. நாக்பூர் கிளை, சூரத் கிளை, கோயம்புத்தூர் கிளை. திரை வரவில்லை, திரை வரவில்லை.

கை கழுவாமல் ஓடினேன். காதர் எனக்குப் பின்னாலேயே வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை, செருப்பை மாற்றி மாட்டியிருந்தான். மூணாம் நம்பர் இல்லை. செத்துக் கிடக்கவில்லை, இடமே காலியாக இருந்தது. மறுபடி எழுப்பி, அதன் டிஸ்க்குகளைச் சரிபார்த்து, கிளைகளுக்குத் திரை வர நாற்பது நிமிஷம் ஆனது.

குல்கர்னி சாப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக, "அப்னே ஆப் கிர் கயா கியா, காதர்?" என்றார். தானாகவே விழுந்துவிட்டதா?

"தேக் ரஹா ஹூன் சார்." பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான்.

"நாலு மணிக்கு ஹெட் ஆபீஸ் மேடம் வருகிறார். அதற்குள் ஏதாவது கிடைத்தால் சொல்."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 13 என்ற எண்ணை அவர் துடைக்கவில்லை.

பென்சில் கோடு

லினக்ஸ் தனக்கென்று ஒரு நாட்குறிப்பு எழுதும். என்ன நடந்தாலும் அதில் ஒரு வரி விழும். காதர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பன்னிரண்டே முக்கால்வரை எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் ஒரு வரியும் இல்லை. பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் நடுவில் மறைந்துபோன மாதிரி.

அவன் மேஸ்திரி மென்பொருளின் திரைக்கு மாறினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு அந்தத் திரையை மூடினான்.

"ஏதும் கெடச்சுதா?"

"இல்லக்கா."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு வருஷத்தில் என்னைப் பார்க்காமல் அவன் பேசியதில்லை. டீ குடிக்கிறேன் என்று வெளியே போய்விட்டான்.

நான் போய் அதே திரையைத் திறந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது போனார்கள் என்று அங்கே வரிசையாக விழுந்திருக்கும். மூணாம் நம்பர், லாக்-ஆஃப், மணி 12:46. எந்த டெர்மினலிலிருந்து என்பதும் இருந்தது. என்னுடையது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. திரையை மூடினதற்கு மிஷின் ஏன் விழ வேண்டும்? டிராயரிலிருந்து மேனுவலை எடுத்தேன். அந்தப் பக்கம் உடனே கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணம், அங்கே ஏற்கெனவே பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது. என் கோடுதான். பயிற்சி வாரத்தில் நானே படித்து, நானே போட்ட கோடு.

விருந்தாளி மிஷின் என்றால் பீரோவுக்குள் குடியிருக்கும் லினக்ஸ். அதன் சொந்தத் திரையில் உட்கார்ந்திருப்பவர்தான், கணக்குப்படி, அந்த மிஷினே. அவர் லாக்-ஆஃப் என்றால் அந்த மிஷின் கலைக்கப்படும். வீட்டுக்காரரே வீட்டை இடித்துப்போட்டுவிட்டுப் படியிறங்குவதற்குச் சமம். மிஷின் ஓட ஓட நாம் மட்டும் எழுந்து வர வேண்டுமென்றால் அதற்கு வேறு கட்டளை: டிஸ்கனெக்ட்.

வேறு எந்த அலுவலகத்திலும், வேறு எந்த மிஷினிலும் நல்ல பழக்கமாக இருந்திருக்கக்கூடியதை, தப்பாகப்போகிற ஒரே திரையில் செய்திருந்தேன். அம்மா இருந்திருந்தால் பின்னலைப் பிடித்து இழுத்திருப்பாள்.

மூன்று மணியிலிருந்து நாலு மணிவரை

இந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி உண்மையாகவே எழுதிவிடுகிறேன். உடனே ஓடிப்போய்ச் சொல்லவில்லை. முந்தின வருஷம் ஒரு டேப்பை மாற்றி ஏற்றியதற்காக எனக்கு ஒரு மெமோ வந்திருந்தது. அந்த வாரம் விருப்ப ஓய்வுப் பட்டியல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. விருப்பம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

பாத்ரூமுக்குப் போய் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் தாராவியில் தோல் பைக்கு வெட்டுப் போடுகிறவர். நடந்ததைச் சொன்னேன். பின்னால் மிஷின் சத்தம்.

"எனக்கு வெட்டு தப்பாயிட்டுன்னா முதலாளிகிட்ட அப்பவே சொல்லிருவேன். தைச்சு முடிச்சப்புறம் சொன்னா பையும் போச்சு, அன்னிக்குக் கூலியும் போச்சு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்ல? வரும்போது தேங்கா வாங்கிட்டு வா."

காதர் டீக்கடைப் பக்கச் சுவரில் சாய்ந்து நின்றான். டீ வாங்கவில்லை.

"ஏல, பாத்துட்டல்லா நீ?"

"என்னத்தைக்கா?"

"பன்னெண்டு நாப்பத்தாறை."

தரையைப் பார்த்தான். "விடுங்கக்கா. எனக்கு வேற ஏஜென்சி கிடைக்கும். உங்களுக்கு இன்னொரு மெமோ வந்தா அந்த லிஸ்டுல பேரு ஏறிரும்."

"என் பேரு எங்க ஏறுதுன்னு நான் பாத்துக்கிடுதேன். நாலு மணிக்கு உள்ள போயி நீ என்ன சொல்லப்போற?"

"காரணம் தெரியலன்னு."

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா? பொய் சொல்லுததுக்கும் ஒரு படிப்பு வேணும்ல. நீ லினக்ஸ் மட்டும்தான் படிச்சிருக்க."

சிரித்துவிட்டான். சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்தான். "நீங்க வேணும்னு செய்யலையேக்கா."

"மூணாம் நம்பருக்கு அது தெரியுமா? உன் வீட்டுக்காரிக்கு?"

மேடம் கேட்ட கேள்வி

குல்கர்னி சாப், மேடம், காதர், மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் தட்டிவிட்டுப் போனேன். இந்தியில்தான் பேசினேன், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அது தானாக விழவில்லை. நான்தான் நிறுத்தினேன். தெரியாமல் நிறுத்தினேன்."

மேடத்துக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "திரையை மூடினால் மிஷின் எப்படி நிற்கும்?"

எப்படி விளக்குவது? அம்மாதான் வாயில் வந்தாள். எங்கள் வீடுகளில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம், இந்த மிஷினிலும் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன, நான் முதலாவதைச் சொல்லிவிட்டேன் என்றேன். குல்கர்னி சாப் சட்டென்று, "எங்கள் வீட்டிலும் 'ஜாதோ' சொல்லவிட மாட்டார்கள். 'யேதோ' தான்," என்றார். மராத்தியில் போகிறேன் என்பதற்குப் பதில் வருகிறேன் என்பார்கள். பகல் முழுக்க அவர் முகத்தில் இல்லாத ரத்தம் திரும்பி வந்தது. மிஷின் தானாக விழவில்லை என்பதுதானே அவருக்கு வேண்டியது!

மேடம் சிரிக்கவில்லை.

"எழுந்து போகிறவர் கதவைச் சாத்தினால் வீடு இடிந்து விழுமென்றால், அது என்ன வீடு?"

என் நோட்டில் அந்த வாக்கியம் இருக்கிறது.

தீர்ப்பு இப்படி வந்தது: நாள் மறுபடி ஒன்றிலிருந்து. அதுவரை காதரின் கான்ட்ராக்ட் நீளும். அந்தக் கட்டளையைக் கன்சோலில் யார் விரலுக்கும் எட்டாமல் காதர் பூட்டி வைக்க வேண்டும். பதினான்கு நாளும் நான் அந்தத் திரையைத் தொடக் கூடாது. எனக்கு ஒரு மெமோ.

குல்கர்னி சாப் பலகைக்குப் போனார். 13-ல் இருந்த மூன்றை மட்டும் துடைத்தார். ஒன்று அங்கேயே இருந்தது.

மூணாம் நம்பர் பெர்மனென்ட்

மழை இறங்கி இரண்டு நாள் கழித்துப் பதினான்கு வந்தது. கேக் வெட்டினார்கள். மூணாம் நம்பருக்குப் பின்னால் நாலு, ஐந்து என்று போய், நாற்பது விருந்தாளிகள் பீரோவுக்குள் குடியேறின. இரண்டாம் மாடியில் இப்போது யோகா வகுப்பு நடக்கிறது. ஒழுகத்தான் செய்கிறது.

விருப்ப ஓய்வுப் பட்டியலில் என் பெயர் ஏறவில்லை. குளிரில் உட்கார வேறு யாருக்கும் விருப்பமில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

காதருக்கு மகள் பிறந்தாள். அவனுடைய ஃபைல் மேலே போனது. மேலே என்றால் எந்த மாடி என்று நான் லிஃப்ட்காரரிடம் ஒருநாள் கேட்டேன். "தீதி, இந்த லிஃப்ட் அந்த மாடிக்குப் போகாது," என்றார். குல்கர்னி சாப் உண்மையாகவே முயற்சி செய்தார், நான் பார்த்தேன். அப்புறம் பதவி உயர்வில் பூனாவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர் அடுத்த குவார்ட்டர் என்றார். அவருக்குப் பின்னால் வந்தவருக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருப்பதே தெரியாது. கொரோனா வந்து போனது. காதர் தினமும் கேட்டில் கையெழுத்துப் போட்டுப் பையைத் திறந்து காட்டினான்.

லினக்ஸ் பெர்மனென்ட் ஆகிவிட்டது. காதர் ஆகவில்லை.

அன்று நான் உள்ளே போய்ச் சொன்னது யாரைக் காப்பாற்றியது என்று கணக்குப் பார்த்தால், மூணாம் நம்பரைத்தான். சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. நினைக்கத் தெம்பும் இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுகிறேன்.

போன மாதம் காதர் கிளம்பிவிட்டான். ஐரோலியில் வேறு கம்பெனி, வேறு ஏஜென்சி. அங்கே கான்ட்ராக்ட் நாடா சிவப்பாம். கடைசி நாள் மாலை என் பக்கத்து டெர்மினலில் வந்து உட்கார்ந்து தன் பெயரில் திறந்திருந்த திரையில் ஏதோ தட்டினான். தாடியில் நரை தெரிந்தது.

"பாத்தீங்களாக்கா? சரியாத்தான் அடிச்சிருக்கேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஒரு அக்கா. மெமோ வாங்கிப் படிச்சவங்க."

படியிறங்கும்போது திரும்பி நின்று, "போயிட்டு வாரேன்," என்றான். ஆரஞ்சு நாடாவை கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் என் மேஜைக்கு ஒரு படிவம் வந்தது. வேலையை விட்டுப் போனவர்களின் பெயரை மிஷினிலிருந்து எடுப்பதற்கான படிவம். பாஸ்வேர்டை அவன் போன மாலையே அடைத்துவிட்டார்கள், இனி யாரும் அதில் நுழைய முடியாது. பெயரை மட்டும் லாக்-ஆஃப் செய்து, நீக்கி, கையெழுத்துப் போட வேண்டும். அவன் பூட்டி வைத்த அந்தக் கட்டளையைத் திறக்கும் அதிகாரம் எங்கள் ஷிஃப்டில் இப்போது எனக்குத்தான்.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டால் மிஷின் ஒரு பட்டியல் காட்டும். நாற்பது விருந்தாளிகளுக்கு நடுவில் காதர் என்றும் ஒரு வரி இருக்கிறது. அதற்கு நேரே, டிஸ்கனெக்ட் என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம். ஆள் எழுந்து போயிருக்கிறார், வருவார் என்று அர்த்தம்.

படிவம் மூன்று வாரமாக என் டிராயரில் இருக்கிறது. 'செய்து முடித்த நாள்' என்ற கட்டம் காலி. வியாழக்கிழமை ஆடிட்டர் வருகிறார். புதன்கிழமை செய்துவிடுவேன்.

இதை எழுதுகிற இன்று செவ்வாய்.